வெள்ளைத் தூசி – 7: பன்னிரண்டு கையெழுத்துகள்

அந்த மருத்துவர் வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

2004 அக்டோபர் 29. அவர் அலபாமா மாநிலத்தின் மொபைல் நகரத்துக்காரர். எக்ஸ்ரே படம் பார்ப்பதுதான் தொழில். தூசியால் வரும் நுரையீரல் நோய்களைப் படத்தில் கண்டுபிடிக்க அமெரிக்க அரசு நடத்தும் தேர்வில் தேறி, ‘பி ரீடர்’ என்ற சான்றிதழும் வைத்திருந்தார். எதிரே இரண்டு தரப்பு வக்கீல்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பேசுவதை ஒரு சொல் விடாமல் பதிவு செய்ய ஓர் ஆள் இருக்கிறார். அது நீதிமன்றம் இல்லை. வழக்கு விசாரணைக்கு வருவதற்கு முன்பே, சாட்சியைச் சத்தியத்தின் பேரில் கேட்டுப் பதிவு செய்துகொள்ளும் ஏற்பாடு. ஆனாலும் அங்கே சொல்லும் பொய்க்கும் கூண்டில் நின்று சொல்லும் பொய்க்கும் சட்டத்தில் வித்தியாசம் கிடையாது.

அவர் கையெழுத்துப் போட்ட அறிக்கைகளால் சிலிகோசிஸ் நோயாளிகள் ஆனவர்கள் 3,617 பேர். எல்லா அறிக்கையிலும் ஒரே பத்தி. இவருடைய வேலை வரலாறு, உடற்பரிசோதனை, எக்ஸ்ரே மூன்றையும் வைத்துப் பார்த்ததில் இவருக்கு சிலிகோசிஸ் இருப்பது மருத்துவ ரீதியாக உறுதியாகிறது என்பது அதன் சாரம். பெயர் மாறும், தேதி மாறும், பத்தி மாறாது.

அவர்கள் வழக்குப் போட்ட கம்பெனிகள் தரப்பு வக்கீல் அந்தப் பத்தியைப் பிரித்துப் பிரித்துக் கேட்டார். கேட்கக் கேட்க, பத்தியின் ஒவ்வொரு துண்டும் கழன்று விழுந்தது. இந்த ஆட்களை மருத்துவர் பரிசோதித்ததே இல்லை. எங்கே வேலை செய்தார்கள், எத்தனை வருடம் மணல் தூசியில் நின்றார்கள் என்று விசாரித்ததும் அவர் இல்லை. சரி, அந்தப் பத்தியாவது அவர் எழுதியதா? அதுவும் இல்லை. எக்ஸ்ரே எடுக்கும் வண்டியோடு ஊர் ஊராகப் போன ஒரு நிறுவனம் கொடுத்த வாசகம் அது. வேறொரு மருத்துவர் ஏற்கெனவே எல்லாம் பார்த்து முடிவு சொல்லிவிட்டார், படத்தை இரண்டாம் முறை பார்த்துச் சொல்வது மட்டுமே தன் வேலை என்றுதான் அவர் நினைத்திருந்தாராம். இவர்களுக்கு நோய் இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லும் எண்ணமே தனக்கு இருந்ததில்லை என்றார்.

3,617 பேருக்கு அன்று காலையில் இருந்த சிலிகோசிஸை உறுதி சொல்ல அன்று இரவில் ஆள் இல்லை.

அப்படியென்றால் முதலில் பார்த்து முடிவு சொன்ன அந்த ‘வேறொரு மருத்துவர்’ யார்?

*

அவரிடம் போவதற்கு முன், இந்த நோய் நிஜமாக வரும்போது எப்படி வரும் என்பதை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கதையில் யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பதே புரியாது.

மணலை, பாறையை உடைக்கும்போது கிளம்பும் துகளில் கண்ணுக்குத் தெரியும் தூசியால் பெரிய ஆபத்து இல்லை, மூக்கும் தொண்டையும் அதைத் தடுத்துவிடும். கண்ணுக்கே தெரியாத சிலிகாத் துகள்தான் நுரையீரலின் கடைசி அறை வரை போய் உட்காருகிறது. உடம்பின் காவல் செல்கள் அதை விழுங்கப் பார்த்துத் தாங்களே செத்துப்போகின்றன. செத்த இடத்தில் தழும்பு. தழும்பின் மேல் தழும்பு. ரப்பர் மாதிரி விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல் இறுகிப்போகிறது. மருந்து இல்லை. வேலையை விட்ட பிறகும் நோய் நிற்பதில்லை. துருப்பிடித்த இரும்பை மணல் வீசிச் சுத்தம் செய்யும் வேலையில்தான் இது மிக மோசம். அதனால்தான் பிரிட்டனில் வார்ப்பட வேலைகளில் அப்படி மணல் வீசுவதை 1949லேயே தடுத்தார்கள். அமெரிக்காவில் 1974ல் அரசின் ஆராய்ச்சி நிறுவனமே தடை செய்யச் சொல்லிப் பரிந்துரைத்தது. தடை வரவில்லை.

1980களின் கடைசியில் மேற்கு டெக்சஸில் ஒடெஸா என்ற எண்ணெய் ஊர். எண்ணெய்க் கிணற்றுக் குழாய்களை மணல் வீசிச் சுத்தம் செய்த தொழிலாளிகள் மூச்சுத் திணறலோடு வருகிறார்கள். வயதானவர்கள் இல்லை, வேலை செய்யும் வயதுக்காரர்கள். உள்ளூர் மருத்துவர் ஒருவருக்குச் சந்தேகம் தட்டுகிறது. தகவல் மாநில சுகாதாரத் துறைக்குப் போகிறது, தேடுகிறார்கள், 10 பேர் கிடைக்கிறார்கள். அந்தப் பத்துப் பேரை வைத்து மத்திய அரசின் நோய்த்தடுப்பு மையம் தன் வாராந்தர அறிக்கையில் எச்சரிக்கை வெளியிட்டது. நிஜமான சிலிகோசிஸ் ஓர் ஊருக்குள் வந்தால் இதுதான் நடக்கும். நோயாளி மருத்துவரைத் தேடி வருவார், மருத்துவர் அரசுக்குச் சொல்வார், அரசு விழித்துக்கொள்ளும்.

இப்போது மிசிசிப்பியைப் பாருங்கள். அந்த மாநிலத்தில் சிலிகோசிஸ் என்று வழக்குப் போட்டவர்கள் 2000ல் 40 பேர். 2001ல் 76 பேர். 2002ல் 10,642 பேர்.

எந்த ஆஸ்பத்திரியும் இதைக் கவனிக்கவில்லை. எந்த சுகாதார அதிகாரியும் ஓடி வரவில்லை. அதற்கு முந்தைய 30 ஆண்டுகளில் நாடு முழுவதும் இந்த நோயால் ஆன சாவு குறைந்துகொண்டே வந்திருந்தது: 1968ல் 1,157 பேர், 1999ல் 187 பேர். பத்துப் பேருக்கே எச்சரிக்கை மணி அடித்த நாட்டில், ஒரே மாநிலத்தில் ஒரே வருடத்தில் பத்தாயிரம் பேருக்கு நுரையீரல் இறுகியிருக்கிறது. சத்தமே இல்லை.

*

2002ல் மிசிசிப்பியில் என்ன நடந்தது? தொற்று எதுவும் பரவவில்லை. ஒரு சட்டம் வந்துகொண்டிருந்தது.

நான்காம் அத்தியாயத்தில் ஃபயெட் என்ற சின்ன ஊரைப் பார்த்தோம். ஜெஃபர்சன் கவுண்டியின் தலைநகரம். கவுண்டியின் மொத்த ஜனத்தொகை பத்தாயிரத்துக்கும் குறைவு. ஆனால் 1995க்கும் 2000க்கும் நடுவில் அந்தக் கவுண்டி நீதிமன்றத்தில் வாதிகளாகப் பதிவானவர்கள் 21,000 பேருக்கு மேல். குழந்தைகளையும் சேர்த்து ஊரில் இருப்பவர்களைப் போல இரண்டு மடங்கு. காரணம், மிசிசிப்பியில் அப்போது உள்ளூர்க்காரர் ஒருவரை வாதியாக வைத்துக்கொண்டு, அவர் பின்னால் வேறு எந்த ஊர்க்காரரையும் எத்தனை பேரை வேண்டுமானாலும் அதே வழக்கில் சேர்த்துக்கொள்ளலாம். மருந்துக் கம்பெனி மேல் போடும் வழக்கு மத்திய நீதிமன்றத்துக்குப் போகாமல் தடுக்க அந்த ஊரின் ஒரே மருந்துக்கடையையும் பிரதிவாதியாகச் சேர்த்துவிடுவார்கள். மருந்து செய்தது எங்கோ இருக்கிற பெரிய கம்பெனி, சீட்டைப் பார்த்து எடுத்துக் கொடுத்தது கடைக்காரர். ஆனாலும் வழக்குக்கு மேல் வழக்காக அந்தக் கடையின் பெயர் ஏறியது.

ஜூரிகள் கோடி கோடியாக நஷ்ட ஈடு விதித்தார்கள். டாக்டர்கள் கட்டும் காப்பீட்டுத் தொகை ஏறியது. பிரசவம் பார்க்கிறவர்கள், மூளை அறுவை சிகிச்சை செய்கிறவர்கள் மாநிலத்தை விட்டுப் போகிறார்கள் என்ற குரல் பெரிதானது. 2002 செப்டம்பரில் ஆளுநர் ரானி மஸ்குரோவ் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். அது 83 நாள் இழுத்தது. மாநில வரலாற்றில் அவ்வளவு நீண்ட சிறப்புக் கூட்டம் அதற்கு முன் நடந்ததில்லை. முடிவில் சிவில் வழக்குகளுக்கான விதிகளை இறுக்கும் சட்டம் வந்தது. எந்த ஊரில் வழக்குப் போடலாம் என்பதற்கு வரம்பு, தண்டனையாக விதிக்கும் நஷ்ட ஈட்டுக்கு உச்சவரம்பு, பொருளை விற்றவருக்குப் பாதுகாப்பு.

எல்லாம் சரி. ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு தேதி இருந்தது. 2003 ஜனவரி 1 முதல் தாக்கலாகும் வழக்குகளுக்கே அது பொருந்தும். அதற்கு முன்னால் நீதிமன்ற முத்திரை விழுந்துவிட்டால் பழைய விதிதான்.

ரயில் கிளம்பப் போகிறது என்று மணி அடித்தால் பிளாட்பாரத்தில் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. எக்ஸ்ரே வண்டிகள் ஓட்டல்களின், கடைகளின் வாகன நிறுத்தங்களில் வந்து நின்றன. முன்பு ஆஸ்பெஸ்டாஸ் வழக்குக்காகப் பெயர் கொடுத்த ஆட்களின் பட்டியல் ஏற்கெனவே கையில் இருந்தது. அவர்களையே திரும்பக் கூப்பிட்டார்கள். வண்டிக்குள் ஏறு, மூச்சை இழுத்துப் பிடி, படம் எடு, இறங்கு. வேலை வரலாற்றைக் கேட்டு எழுதியவர்கள் மருத்துவம் படித்தவர்கள் இல்லை. இதில் என்னை மிகவும் உறுத்துவது, படம் எடுத்த நிறுவனத்துக்கு வக்கீல் அலுவலகத்தோடு இருந்த ஏற்பாடு. ‘நோய் உண்டு’ என்று வந்தால் கட்டணம் உண்டு, ‘இல்லை’ என்று வந்தால் இல்லை. எந்தப் பரிசோதனைக் கூடமும் இப்படிக் காசு வாங்கினால் அதன் முடிவை நாம் நம்புவோமா?

அந்த ஒரே நிறுவனத்தின் வண்டிகளிலிருந்து வந்த வாதிகள் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல். அப்போது ஆண்டுக்கு இரண்டரை லட்சம் நோயாளிகளைப் பார்த்த மயோ கிளினிக், அதே கால அளவில் கண்ட சிலிகோசிஸ் நோயாளிகளைப் போல 400 மடங்கு.

கம்பெனிகள் ஏன் எதிர்த்து நிற்கவில்லை என்று கேட்கத் தோன்றும். நின்றார்கள், ஆனால் நின்று மாளவில்லை. 250க்கு மேற்பட்ட பிரதிவாதிகள். மணல் விற்றவர்கள், முகமூடி செய்தவர்கள், இயந்திரம் விற்றவர்கள் எல்லாரும் அதில் அடக்கம். பத்தாயிரம் பேரில் ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்து, அவருக்கு நோய் இல்லை என்று நிரூபிக்க ஆகும் செலவு, ஆளுக்கு ஒரு தொகை கொடுத்து முடித்துக்கொள்வதை விட அதிகம். இந்த வியாபாரம் நின்றதே அந்தக் கணக்கின் மேல்தான். ஒரு பொய் வழக்குக்குக் கோர்ட் பயப்படாது. பத்தாயிரத்தை ஒரே கட்டாகக் கட்டிக் கொண்டுவந்து போட்டால் அதைப் பிரித்துப் பார்க்கக் கோர்ட்டுக்கே கை வராது.

பிரித்துப் பார்க்க ஒரே ஒருவருக்குக் கை வந்தது.

*

மிசிசிப்பியில் போட்ட வழக்குகளைக் கம்பெனிகள் மத்திய நீதிமன்றத்துக்கு இழுத்தன. 2003ல் அவை எல்லாம் ஒரே இடத்தில் சேர்க்கப்பட்டு, டெக்சஸின் கார்பஸ் கிறிஸ்டியில் நீதிபதி ஜானிஸ் கிரஹாம் ஜாக் முன்னால் வந்தன. அவரை 1994ல் நியமித்தவர் ஜனாதிபதி பில் கிளின்டன். கம்பெனிகளின் ஆள் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. இன்னொரு விஷயம்தான் இந்தக் கதையைத் திருப்பியது. சட்டம் படிப்பதற்கு முன் அவர் நர்ஸாக வேலை பார்த்தவர். நோயாளியின் கட்டில் அருகே நின்றவர். மருத்துவ அறிக்கை எப்படி இருக்கும், எப்படி இருக்காது என்பது அவருக்கு ஏட்டறிவு இல்லை.

அவர் கேட்டது சாதாரணமான ஒன்று. ஒவ்வொரு வாதியும் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். உனக்கு என்ன நோய், எந்த மருத்துவர் கண்டுபிடித்தார், எப்போது, வழக்கமாக எந்த மருத்துவரிடம் போகிறாய். இதெல்லாம் சத்தியத்தின் பேரில். வழக்குப் போட்ட ஒருவரிடம் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். அதுவரை யாரும் கேட்கவில்லை.

9,000க்கு மேற்பட்ட படிவங்கள் வந்தன. அவற்றில் மருத்துவர்களின் பெயர்கள் ஏறக்குறைய 8,000. சர்க்கரைக்குப் பார்த்தவர், முதுகு வலிக்குப் பார்த்தவர், குடும்ப டாக்டர், இருதய டாக்டர் எல்லாரும் வரிசையாக இருந்தார்கள். சிலிகோசிஸ் என்று சொன்ன மருத்துவர்களை மட்டும் எடுத்துக் கூட்டியபோது வந்த எண் 12.

எண்ணாயிரம் மருத்துவர்களில் ஒருவர் கண்ணுக்குக்கூடப் படாத நோய் பன்னிரண்டு பேர் கண்ணுக்கு மட்டும் பட்டிருக்கிறது. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட அந்த ஆட்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர் இல்லை. இன்னொரு விவரமும் கசிந்தது. எக்ஸ்ரே வண்டிக்காரர்கள் கொண்டுவந்த ஆட்களில் 60 சதவீதத்துக்குக் குறையாமல், ஏற்கெனவே ஆஸ்பெஸ்டாஸ் நோய் என்று பணம் கேட்டு மனுச் செய்தவர்கள்.

அதனால் என்ன, இரண்டும் வரலாமே என்று தோன்றலாம். வரலாம், ஆனால் அபூர்வம். சிலிகா தூசி நுரையீரலின் மேல்பாகத்தில் உருண்டைப் புள்ளிகளாகத் தெரியும். ஆஸ்பெஸ்டாஸ் அடிப்பாகத்தில் ஒழுங்கில்லாத கோடுகளாகத் தெரியும். எக்ஸ்ரே பார்க்கிறவர் நிரப்பும் சர்வதேசப் படிவத்திலேயே இரண்டுக்கும் வேறு வேறு எழுத்துகள். உருண்டை என்றால் பி, க்யூ, ஆர். கோடு என்றால் எஸ், டி, யு. வாழ்நாள் முழுக்கத் தூசி நோய்களையே பார்த்த நிபுணர்கள்கூட இரண்டும் ஒரே ஆளிடம் கூடியிருப்பதைக் காண்பது அரிது. இங்கே அது ஆயிரக்கணக்கில்.

இதற்கிடையில்தான் மொபைல் மருத்துவர் தன் கையெழுத்தைத் திரும்பப் பெற்றார். நீதிபதி முடிவு செய்துவிட்டார். இனி காகிதம் போதாது. மற்ற மருத்துவர்கள் நேரில் வர வேண்டும், தன் முன்னால் கூண்டில் ஏற வேண்டும்.

*

2005 பிப்ரவரி 16. வளைகுடாவைப் பார்த்த கார்பஸ் கிறிஸ்டி நீதிமன்றம். அந்த ‘வேறொரு மருத்துவர்’ வந்தார்.

மேற்கு வர்ஜீனியாக்காரர். நம் தொடரின் முதல் மூன்று வாரங்களும் நடந்த அதே மாநிலம். காலி பிரிட்ஜ் என்ற ஊருக்கு மேலே, பளிங்கு மாதிரி சுத்தமான சிலிகாப் பாறையைக் குடைந்து, ஆயிரக்கணக்கான தொழிலாளிகளை 1930ல் முகமூடி இல்லாமல் உள்ளே அனுப்பினார்களே, அந்த மண். எழுபத்தைந்து ஆண்டு கழித்து அதே மண்ணிலிருந்து வந்த ஒரு மருத்துவர் சிலிகோசிஸ் பற்றிச் சாட்சி சொல்ல உட்காருகிறார். 6,000க்கும் மேற்பட்ட வாதிகளின் அறிக்கைகளில் அவருடைய கை இருந்தது.

முதலில் அறிக்கைகள் எப்படித் தயாராயின என்பது வெளியே வந்தது. அவர் படத்தைப் பார்த்துப் படிவத்தில் எழுத்துகளைக் குறிப்பார். அதைப் பார்த்து அறிக்கை எழுதியவர்கள் தட்டச்சு செய்கிறவர்கள். அவர் பெயரை முத்திரையாகக் குத்தியதும் அவர்கள்தான். நோயாளியிடம், வக்கீலிடம், நீதிமன்றத்திடம் போன அறிக்கையை மருத்துவர் கண்ணால் பார்ப்பதுகூட இல்லை.

பிறகு எக்ஸ்ரே படிவங்களை ஜோடி ஜோடியாக எடுத்தார்கள். ஒரே ஆள். ஒரே மருத்துவர். முதல் படிவம் ஆஸ்பெஸ்டாஸ் வழக்குக்காகப் பார்த்தது. எஸ், டி. கோடுகள். இரண்டாவது சில வருடம் கழித்து சிலிகா வழக்குக்காகப் பார்த்தது. பி. உருண்டைப் புள்ளிகள். முன்பு இருந்த கோடுகளைக் காணோம். அடுத்த ஆள், அதேபோல். அதற்கடுத்த ஆள், அதேபோல்.

எக்ஸ்ரே பார்ப்பது மனிதக் கண். ஒரே படத்தை இரண்டு நாள் பார்த்தால் ஒருவரே கொஞ்சம் மாற்றிச் சொல்லலாம், அதை யாரும் குற்றமாகச் சொல்வதில்லை. ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் தழும்பு மறைகிற தழும்பு இல்லை. ஒரு தடவை விழுந்தால் சாகும்வரை அங்கேதான் இருக்கும். மருத்துவரின் கண் தடுமாறினால் முன்னும் பின்னுமாகத் தடுமாறியிருக்க வேண்டும். இது வழக்கு எந்தப் பக்கம் திரும்பியதோ அந்தப் பக்கமாகவே திரும்பியிருந்தது.

கேள்விகள் நெருங்கி வந்தன. நர்ஸாக இருந்த நீதிபதியும் கவனித்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் மருத்துவர் நிறுத்தினார். நோயை இட்டுக்கட்டினேன் என்று என்மேல் குற்றம் சாட்டுகிறீர்கள் என்றால் எனக்கு ஒரு வக்கீல் வேண்டும் என்றார்.

நோயைக் கண்டதாகச் சொன்னவர் தான் கண்டதை விளக்க வக்கீல் கேட்கிறார். நீதிபதி அவருடைய சாட்சியத்தை அங்கேயே நிறுத்தினார்.

அடுத்த இரண்டு நாள் மற்ற மருத்துவர்கள் வந்தார்கள், போனார்கள். அவர்களைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, கதை ஒன்றேதான். எந்தக் கூண்டிலிருந்தும் வராத ஒரு பதில்தான் என் மனதில் நிற்கிறது. இந்த ஆட்களுக்குத் தீராத நுரையீரல் நோய் இருக்கிறது என்று எழுதினீர்களே, அவர்களைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னீர்களா? சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தீர்களா? நோய் நிஜம் என்று எழுதியவர்களே நம்பியிருந்தால், அதை மூடி வைத்தது கொடுமை. நம்பாமல் எழுதியிருந்தால், ஆறாயிரம் குடும்பங்களில் ஒரு சாவு பயத்தைக் கொண்டுபோய் வைத்ததும் கொடுமைதான்.

*

கார்பஸ் கிறிஸ்டியில் இது நடந்துகொண்டிருந்த அதே வசந்தத்தில், வடக்கே ஆஸ்டினில் டெக்சஸ் சட்டமன்றத்தில் ஒரு மசோதா நகர்ந்துகொண்டிருந்தது. செனட் மசோதா 15. கொண்டுவந்தவர் கைல் ஜானெக், தொழிலால் அவரும் மருத்துவர். ஓஹாயோ அதற்கு முந்தைய வருடமே வழிகாட்டியிருந்தது.

மசோதாவின் சாரம் இது. ஆஸ்பெஸ்டாஸ், சிலிகா வழக்குப் போடுகிறவர் தகுதியுள்ள நிபுணர் ஒருவரின் அறிக்கையை முதலிலேயே தர வேண்டும். அந்த நிபுணர் ஆளை நேரில் பரிசோதித்திருக்க வேண்டும். வேலை வரலாற்றையும் உடல்நல வரலாற்றையும் விவரமாக எழுத வேண்டும். மூச்சுத் திறன் குறைந்திருப்பதை அளந்து காட்ட வேண்டும். இன்ன வக்கீலைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் பரிசோதனை நடந்திருக்கக் கூடாது. பலரை ஒரே வழக்கில் கட்டிக் கொண்டுவந்து விசாரிக்கக் கூடாது. படத்தில் புள்ளி தெரிகிறது, உடம்பு இன்னும் கெடவில்லை என்றால், கெடும்வரை அவருக்குக் காலக்கெடு ஓடாது. அவர் உரிமை காத்திருக்கும்.

மே மாதம் ஆளுநர் ரிக் பெர்ரி கையெழுத்திட்டார். செப்டம்பர் 1 முதல் அமல்.

இந்தச் சட்டத்தை வெறும் கம்பெனிச் சட்டம் என்று நான் ஒதுக்க மாட்டேன். காரணம், ஜான்ஸ்-மேன்வில் அறக்கட்டளை. அந்த ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனி 1982ல் திவாலான பிறகு நோயாளிகளுக்காக உருவான நிதி அது. ஆரம்பத்தில் ஒரு டாலர் பாக்கிக்கு ஒரு டாலர் கொடுத்தார்கள். மனுக்கள் குவியக் குவிய, 1995ல் அது பத்து சென்ட் ஆனது. 2001ல் ஐந்து சென்ட். நெஞ்சுக்கூட்டில் புற்றுநோய் வந்து மாதக்கணக்கில் செத்துக்கொண்டிருந்த கப்பல் பட்டறைத் தொழிலாளிக்கும் நூற்றுக்கு ஐந்துதான். குவியலில் எது நிஜம், எது வண்டியில் எடுத்த படம் என்று பிரிக்காததன் விலையை அவர்தான் கொடுத்தார்.

அதே சமயம் காலி பிரிட்ஜையும் மறக்க முடியவில்லை. அங்கே தொழிலாளிகள் போட்ட முதல் வழக்குகளை 1,30,000 டாலருக்கு முடித்தார்கள். பாதி வக்கீல்களுக்குப் போனது. அதிலும் ஒரு தரப்பு கம்பெனிகளிடமே தனியாக 20,000 டாலர் வாங்கிக்கொண்டது பிற்பாடு வெளியே வந்தது. 1935ல் மேற்கு வர்ஜீனியா சிலிகோசிஸுக்கென்று ஒரு நஷ்ட ஈட்டுச் சட்டம் போட்டது. அதன் நிபந்தனைகள், சில மாதமே சுரங்கத்தில் நின்று நுரையீரலை இழந்தவர்களால் ஏறவே முடியாத உயரத்தில் இருந்தன. சீர்திருத்தம் என்ற பெயரில் வந்த சட்டம், யாருக்காக வந்ததோ அவர்களையே வெளியே நிறுத்தியது. ஆகவே ஆஸ்டினில் வைத்த அளவுகோல் பொய்யை மட்டும் வடிகட்டுமா, ஒடெஸாவின் அந்தப் பத்துப் பேரைப் போன்றவர்களையும் சேர்த்து வடிகட்டிவிடுமா என்ற கேள்வியை இப்போதே கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வரும் வாரங்களில் தேவைப்படும்.

*

2005 ஜூன் 30. நீதிபதி ஜாக் தன் உத்தரவை வெளியிட்டார். 249 பக்கம்.

ஒரு மருத்துவரையும் அவர் விடவில்லை. எக்ஸ்ரே வண்டி, முத்திரை, ஒரே பத்தி, ஜோடிப் படிவங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இந்த நோய் அறிக்கைகளை உந்தியது ஆரோக்கியமும் இல்லை, நீதியும் இல்லை, இவை பணத்துக்காகத் தயாரிக்கப்பட்டவை என்று எழுதினார். அமெரிக்க மத்திய நீதிபதி ஒருவர் ஆயிரக்கணக்கான மருத்துவ அறிக்கைகளைப் பற்றி இப்படி எழுதுவது சிறிய விஷயம் இல்லை. முழுதும் தன் அதிகாரத்துக்குள் வந்த, சுமார் நூறு வாதிகள் கொண்ட ஒரே வழக்கில், வாதிகளின் வக்கீல் நிறுவனத்துக்கு 8,250 டாலர் அபராதம் விதித்தார். பிப்ரவரி விசாரணையில் எதிர்த்தரப்புக்கு ஆன செலவில் அவர்கள் பங்கு அது.

மீதிப் பத்தாயிரம் பேரின் வழக்குகள்?

அதற்கும் உத்தரவில் பதில் இருந்தது. வாதிகளும் பிரதிவாதிகளும் எந்தெந்த மாநிலத்தவர் என்று பார்த்தால், இந்த வழக்குகள் மத்திய நீதிமன்றத்துக்கு வந்திருக்கவே கூடாது. அவற்றைத் தள்ளுபடி செய்யவோ, தண்டனை விதிக்கவோ தனக்கு அதிகாரம் இல்லை. இட்டுக்கட்டியவை என்று தானே எழுதிய வழக்குகளை, சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அவர் மிசிசிப்பிக்கே திருப்பி அனுப்பினார். அங்கே புதிய சட்டம் இருந்தது. ஆனால் இந்த வழக்குகளில் பெரும்பாலானவற்றின் மேல் முத்திரை விழுந்தது 2003 ஜனவரி 1க்கு முன்னால்.

காகிதப் பெட்டிகள் கிழக்கே கிளம்பின. ஆனால் அந்த 249 பக்கங்களின் பிரதி அவற்றை விட வேகமாகப் பயணம் செய்து, ஐந்து சென்ட் கொடுத்துக்கொண்டிருந்த மேன்வில் அறக்கட்டளையையும் எட்டியது. அங்கே ஒவ்வொரு மனுவோடும் அதை ஆதரித்த மருத்துவரின் பெயர் கணினியில் ஏற்றப்பட்டிருந்தது. கார்பஸ் கிறிஸ்டியில் தனக்கு வக்கீல் வேண்டும் என்று கேட்டாரே, அந்த மேற்கு வர்ஜீனியா மருத்துவர், அந்த ஒருவருடைய பெயருக்கு எதிரே மட்டும் இருந்த மனுக்களின் எண்ணிக்கை 50,000ஐத் தாண்டியிருந்தது.

(தொடரும்)